ஒன்பதாம் வசனத்தையும் வாசியுங்கள்: ஆலயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டில் உள்ள நம் மலை ஆலயத்தின் ஆயர் ஐயா, செயலர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஆராதனை முடிந்த கையோடு கைதூக்கச் சொல்லி நிறைவேற்றிய தீர்மானத்தையும், பிறகு வீடு வீடாகக் கொடுத்த சுற்றறிக்கையையும் பற்றி எழுதுகிறோம். சுவரின் சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூச்சு, பட்டி, பிளாஸ்டிக் பெயிண்ட். ஓட்டுக் கூரைக்குக் கீழே பிவிசி ஃபால்ஸ் சீலிங். கல் தளத்தின் மேல் டைல்ஸ். பலிபீடத்துக்குப் பின்னால் 12க்கு 8 அடியில் எல்இடி சுவர். நான்கு பெரிய ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர். கடைசி வரியில் ஏசி. (சேலத்து வெயிலுக்குப் பயந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற ஊரில் ஏசி!) வேலையை ஐப்பசியில் தொடங்கி கிறிஸ்துமஸுக்குள் முடிப்பதாகவும், கடன் வாங்குவதாகவும், இந்த மாதக் கடைசியில் முன்பணம் கொடுப்பதாகவும் சுற்றறிக்கை சொல்கிறது.

இத்தனைக்கும் சொன்ன காரணம் ஒன்றே: கீழே சேலத்தில் எல்லாச் சபைகளும் மாறிவிட்டன, நாமும் அவர்களைப் போல் ஆக வேண்டும். அதற்கு வேத ஆதாரமாக 1 சாமுவேல் 8:7. இஸ்ரவேல் ஜனங்கள் ஒரு ராஜாவைக் கேட்டபோது, ஜனங்கள் சொல்வதைக் கேள் என்று கர்த்தரே சாமுவேல் தீர்க்கதரிசியிடம் சொன்னாராம். அதனால் சபையின் விருப்பம்தான் கர்த்தரின் சித்தமாம்.

திட்டத்தோடு எங்களுக்குச் சண்டை உண்டு. ஆனால் எழுத வைத்தது அந்த ஆதாரம்தான். ஒரு வசனத்தின் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே வசனத்தின் மறுபாதியை மறைப்பது சபையாரிடம் செய்யக்கூடிய காரியமல்ல. மறுபாதி என்ன? அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, நான் தங்களை ஆளக்கூடாதென்று என்னைத்தான் தள்ளினார்கள் என்கிறார் கர்த்தர்.

அதிகாரத்தை முதலிலிருந்து பாருங்கள். இஸ்ரவேலின் மூப்பர்கள் சாமுவேலின் ஊரான ராமாவுக்கு வந்தபோது அவர் முதிர்ந்துவிட்டார். பெயெர்செபாவில் அவர் நியாயாதிபதிகளாக வைத்த மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். மூப்பர்கள் கொண்டுவந்த புகார் உண்மையானது. கர்த்தர் அதை எங்கேயும் மறுக்கவில்லை. லஞ்சம் வாங்குகிற இருவரை நீக்குங்கள், நேர்மையான இருவரை வையுங்கள் என்று அவர்கள் கேட்டிருக்கலாம். கேட்டதோ, சகல ஜாதிகளுக்கும் இருப்பது போல எங்களுக்கும் ஒரு ராஜா. 20-ஆம் வசனத்துக்கு வரும்போது உள்ளே இருந்தது முழுசாக வெளியே வந்துவிடுகிறது: நாங்களும் மற்றவர்களைப் போல் இருப்போம், ராஜா முன்னால் போய் எங்கள் யுத்தங்களை நடத்துவான். சாமுவேலின் மகன்களைப் பற்றி அந்த இடத்தில் ஒரு பேச்சும் இல்லை. புகார் வழியிலேயே விழுந்துவிட்டது, ஆசை மட்டும் வந்து சேர்ந்தது.

இது எந்த ஜனம் கேட்ட கேள்வி என்பதையும் நினைத்துப் பாருங்கள். சீனாய் மலையடியில் ‘சொந்த சம்பத்து, ஆசாரிய ராஜ்யம்’ என்று அழைக்கப்பட்டவர்கள். கூலி வாங்கிக்கொண்டு சபிக்க வந்த பிலேயாமுக்கே குன்றின் மேல் நின்று பார்த்தபோது தெரிந்தது: இந்த ஜனம் தனியே வாசமாயிருக்கும், மற்ற ஜாதிகளோடு எண்ணப்படாது. அயலானுக்குத் தெரிந்தது வீட்டுக்காரர்களுக்குப் பாரமாகிவிட்டது.

கர்த்தர் என்ன செய்தார்? 7, 9, 22 என்று மூன்று இடத்தில் ‘அவர்கள் சொல்லைக் கேள்’ என்கிறார். 8-ஆம் வசனத்தில், எகிப்திலிருந்து புறப்பட்ட நாள் முதல் இவர்கள் இப்படித்தான் என்கிறார். அத்தனை காலம் பொறுத்திருக்கிறார். ஆனால் 9-ஆம் வசனத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர்களை ஆளப்போகிற ராஜாவின் காரியம் இன்னதென்று அவர்களுக்குத் திட்டமாய்த் தெரியப்படுத்து. 11 முதல் 18 வரை சாமுவேல் அதைத்தான் செய்கிறார், கொத்தனார் எழுதித் தருகிற மதிப்பீட்டைப் போல, இனம் இனமாக. மகன்கள் ரதத்துக்கு முன் ஓடவும், உழவும், அறுக்கவும், ஆயுதம் செய்யவும் போவார்கள். மகள்கள் பரிமளத் தைலம் செய்யவும் சமைக்கவும் ரொட்டி சுடவும். நல்ல வயல், திராட்சத் தோட்டம், ஒலிவத் தோப்பு அவனுடைய ஊழியர்களுக்கு. விளைச்சலில் பத்தில் ஒன்று, மந்தையில் பத்தில் ஒன்று. பிறகு நீங்கள் முறையிடுவீர்கள், அன்று பதில் கிடைக்காது.

அத்தனையும் கேட்டபின் ‘அப்படியல்ல, ராஜா வேண்டும்’ என்றார்கள். கர்த்தர் கொடுக்கச் சொன்னார். அப்போதும் அன்றைக்கே யாருக்கும் முடிசூட்டவில்லை. அவரவர் ஊருக்குப் போங்கள் என்று சாமுவேல் அனுப்பிவிடுகிறார். அதிகாரம் அங்கே முடிகிறது. நம் ஆலயத்தில் தீர்மானம், மதிப்பீடு, முன்பணத் தேதி எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. கர்த்தரின் பொறுமையை ஆதாரம் காட்டுகிற குழுவுக்கு அந்தப் பொறுமையில் கால்வாசியாவது வேண்டாமா?

பொறுமையாக விட்டுக்கொடுத்தார் என்பதால் கணக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். சவுல், தாவீது, சாலொமோன் என்று மூன்று பேர், ஆளுக்கு 40 ஆண்டு. மூன்றாவது ராஜாவின் ஒரு நாள் சாப்பாடு 1 இராஜாக்கள் 4-இல் இருக்கிறது: 30 மரக்கால் மெல்லிய மாவு, 60 மரக்கால் மற்ற மாவு, கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100. மான், பறவை தனி. லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேர், மாதத்துக்குப் பத்தாயிரமாக முறைவைத்து. அவர் போனபின் சீகேமில் ஜனங்கள் அவர் மகன் ரெகொபெயாமிடம் நுகத்தை இலகுவாக்கச் சொன்னார்கள். அவன் இன்னும் பாரமாக்குவேன் என்றான். பத்துக் கோத்திரம் பிரிந்து போயிற்று. ராமாவில் கேட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விலையைக் கட்டியவர்கள் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்.

இந்தத் திட்டத்தின் ‘11 முதல் 18 வரை’ இன்னும் சபையில் வாசிக்கப்படவில்லை. கட்டட வேலையும், ஒலி வேலையும், கணக்கு வேலையும் தெரிந்தவர்கள் இந்த மடலை எழுதியவர்களில் இருக்கிறார்கள். அதனால் நாங்கள் வாசிக்கிறோம்.

சுவர். நம் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் காரை வழியாக வெளியே விடும். இந்த மலையின் மூடுபனியிலும் மழையிலும் சுவர் இத்தனை காலம் நின்றதற்கு அந்த மூச்சுதான் காரணம். சிமெண்ட் பூச்சும் அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி மேலே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் கேட்கும். அடுத்தது பாளம் பாளமாக உதிர்வதுதான். உதிரும்போது பழைய சாந்தையும் இழுத்துக்கொண்டு வரும், ஏனென்றால் சிமெண்ட் விறைப்பு, சுண்ணாம்பு மிருது. இதை ஐப்பசி மழையில் செய்தால் சுவர் நனைந்திருக்கும்போதே மூடி முத்திரை போட்டதாகும்.

இப்போது வடக்குச் சுவரின் அடியில் தெரிகிற ஈரத்துக்குக் காரையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பக்கம் மேட்டு மண் சரிந்து சரிந்து உள் தளத்தைவிட உயரமாகிவிட்டது. வெளியே போய்ப் பாருங்கள்: இறவாணத்திலிருந்து, அதாவது கூரை விளிம்பிலிருந்து, வடிகிற தண்ணீர் நேராக அந்த மண்ணில் விழுந்து சுவரடியில் ஊறுகிறது. மண்ணை உள் தளத்துக்கு அரையடி கீழே வரை வெட்டி எடுத்து, சரிவு கொடுத்து ஒரு வாய்க்கால் போட்டு, இறவாணத்தில் தகர வடிகால் கட்டினாலே ஈரத்தில் பெரும்பங்கு நிற்கும். நாலைந்து பேர் மண்வெட்டியோடு வந்தால் வெட்டுகிற வேலை முடிந்துவிடும்.

காரை உதிர்ந்த இடத்தில் காரையே பூசலாம். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, சலித்து, குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். உடைத்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைக்க வேண்டும். இரண்டும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும். ஒரு பூச்சு 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, போனால் வெடிக்கும். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது விட்டு, நடுவில் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை, வேறொன்றும் வேண்டாம். தை முதல் பங்குனி வரை இதற்கான காலம். கிறிஸ்துமஸுக்குள் முடியாதுதான்.

கூரை. ஃபால்ஸ் சீலிங்கின் இரும்புச் சட்டத்தைப் பழைய கைமரத்தில் திருகி மாட்டினால் முதலில் மரத்தில் ஓட்டை. இரண்டாவது, ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. இப்போது ஒரு ஓடு நகர்ந்தால் அடுத்த ஞாயிறே யாராவது அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சீலிங் போட்டால் கைமரமும், ஓடு தாங்கும் ரீப்பர் மரமும் இருட்டில் ஊறி, கரையான் ஏறி, சீலிங்கில் பழுப்புத் திட்டு வரும்போதுதான் தெரியும். அதற்குள் மரம் போயிருக்கும். ஒழுகலுக்கு மருந்து உடைந்த ஓடுகளை மாற்றுவதும், முகட்டு ஓட்டின் சாந்தைப் புதுப்பிப்பதும், மக்கிய ரீப்பரை எடுப்பதும். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும். நமக்கு மொத்தக் கூரையும் மாற்றத் தேவையில்லை.

எல்இடி சுவர். 12க்கு 8 என்றால் ஏறக்குறைய 9 சதுர மீட்டர். முழு வெளிச்சத்தில் 5 முதல் 6 கிலோவாட் இழுக்கும். நம் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு ஸ்பீக்கரோடும் ஏசியோடும் இதைத் தாங்காது. மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும், மின்தடைக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதன் சத்தம் ஜெபத்துக்கு நடுவே கேட்கும். எடை 250 கிலோவைத் தாண்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் போல்ட் அடித்துத் தொங்கவிட முடியாது, தரையிலிருந்து தனிச் சட்டம் எழுப்ப வேண்டும். அந்தச் சட்டம் கிழக்கு ஜன்னலை முழுதாக மறைக்கும். காலை ஆராதனையில் அந்த வண்ணக் கண்ணாடி வழியாக வாசிப்பு மேசை மேல் விழுகிற வெளிச்சத்தைக் காசு கொடுத்து அடைக்கப்போகிறோம்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. இந்த மலையின் ஈரக்காற்றில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் எரிகிற திரை சீக்கிரம் கெடும். ஈரம் உள்ளே படிந்து விளக்குகள் புள்ளி புள்ளியாக, பிறகு வரிசையாகச் சாகும். ஆராதனை இல்லாத நாளிலும் வாரத்தில் சில தடவை, சில மணி நேரம் சும்மா எரியவிட்டு ஈரத்தை விரட்ட வேண்டும். மாட்யூல் என்கிற திரைத் துண்டு ஒன்று செத்தால் அதே தயாரிப்புத் தொகுதியில் வந்ததுதான் பொருந்தும். பின்னால் வாங்கினால் நிறம் வேறுபட்டு ஒட்டுப்போட்டது போல் தெரியும், ஆகவே முதலிலேயே நூற்றுக்கு மூன்று, நான்கு உபரியாக வாங்க வேண்டும். சித்திரை இடிக்கு சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) பாதுகாப்பும், சரியான எர்த் குழியும் இல்லாவிட்டால் ஒரே மின்னலில் கண்ட்ரோலர் போய்விடும். மதிப்பீட்டில் எர்த் என்ற சொல்லே இல்லை.

கடன். ஒவ்வொரு 10 லட்சத்துக்கும், 11 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுத் தவணை என்றால், மாதம் சுமார் 17,100 ரூபாய். மொத்தம் 14 லட்சத்து 38 ஆயிரம். நம் சபையின் காணிக்கை காப்பி பறிக்கிற கார்த்திகை முதல் மாசி வரைதான் நிறைவாக வரும். அதற்கப்புறம் மிளகு கொஞ்சம். மற்ற மாதங்களில் தவணை எதிலிருந்து போகும்? உபதேசியார் சம்பளத்திலிருந்தா, பிள்ளைகளின் கல்வி உதவியிலிருந்தா? கைதூக்கச் சொன்னபோது எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி சொல்லப்படவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். பின்வரிசையில் பிரசங்கம் கேட்பதில்லை என்ற புகார் யோவேல், அபியாவைப் பற்றிய புகாரைப் போல முழுக்க உண்மை. ஆனால் பெரிய ஸ்பீக்கர் அதைத் தீர்க்காது. நம்முடையதைப் போன்ற கல் கட்டடத்தில், ஆள் நிறைந்திருந்தாலும் ஒரு சத்தம் அடங்க 2 விநாடி ஆகும்; காலியாக இருந்தால் இன்னும் அதிகம். பாமாலை பாட அது அருமை. பேச்சுக்கு 1 விநாடிதான் நல்லது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும், சொல் தெளியாது. டைல்ஸ் போட்டால் வழுவழுப்பான தரை இன்னும் திருப்பி அடிக்கும். சேலத்தில் நீங்கள் பார்த்த மண்டபங்கள் தாழ்ந்த கூரையும் தரைவிரிப்புமாக அந்தக் கருவிகளுக்கென்றே கட்டியவை. அங்கே நன்றாகக் கேட்கிறது என்பதில் சந்தேகமில்லை.

நமக்கு வேண்டியது தூண் போல உயரமாக, ஒல்லியாக இருக்கும் நான்கு ‘காலம்’ (column) ஸ்பீக்கர். இரண்டு முன்னால், இரண்டு 12 மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, லேசாகக் கீழ்நோக்கி. பின்னாலிருக்கும் ஜோடிக்கு 35 மில்லிவிநாடி தாமதம் வைக்க வேண்டும். சத்தம் விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும், தாமதம் வைக்காவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். பின்சுவரில் சத்தத்தை உறிஞ்சும் 50 மில்லிமீட்டர் ராக்வுல் பலகைகள், மேலே சேலத்துத் தறித்துணி போர்த்தி, சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி. நடைபாதையில் கயிற்றுப் பாய். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போய்விடும். (இது பிரசங்கிமார்களுக்கு. மேசையை விட்டு நடந்துகொண்டே பேசினால் எந்த ஸ்பீக்கராலும் முடியாது.)

இளைஞர்கள் கீழே போகிறார்கள் என்கிறீர்கள். கிட்டார், கஹோன் என்ற பெட்டி மேளம் வேண்டுமானால் இந்தக் கட்டடத்திலேயே இருக்கட்டும், தடையொன்றும் இல்லை. ஆனால் பலர் சேலத்தில் வேலையும் படிப்பும் இருப்பதால் போகிறார்கள். திரையைப் பார்த்து அவர்கள் மலை ஏறப்போவதில்லை.

திரை வைத்தால் கர்த்தர் நம்மை விட்டுப் போய்விடுவார் என்று நாங்கள் சொல்லவில்லை. 1 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ராஜா வந்தபின் சாமுவேல் கர்த்தரிடம் கேட்க, கோதுமை அறுப்புக் காலத்தில் இடியும் மழையும் வந்தது. வைகாசியில் இடி இடித்தால் ஏற்காட்டில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம், அந்த நாட்டிலோ அறுப்பில் மழை என்பது மிக அபூர்வமான காரியம், ஜனங்கள் நடுங்கிப்போனார்கள். அப்போதும் பயப்படாதேயுங்கள், கர்த்தர் தம்முடைய ஜனத்தைக் கைவிடமாட்டார் என்றுதான் சாமுவேல் சொன்னார். உங்களுக்காக ஜெபிக்காமல் இருப்பது எனக்குப் பாவம், நல்ல வழியை உங்களுக்குப் போதிப்பேன் என்றும் சொன்னார். பொதுக்குழுவில் எங்கள் பக்கம் தோற்றால் நாங்கள் வேறு ஆலயம் தேடப்போவதில்லை. சாரம் கட்டவும் வருவோம், சிமெண்ட் தப்பு என்று சொல்லிக்கொண்டே.

எங்கள் கோரிக்கைகள்.

முன்பணத்தை நிறுத்துங்கள். கைதூக்கிய தீர்மானத்தை முறையான அறிவிப்போடு கூடும் பொதுக்குழுவுக்குக் கொண்டுவந்து, ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். அதற்கு நான்கு ஞாயிறு முன்பாகவே முழு மதிப்பீட்டையும் தமிழில், இனவாரியாக, மின் இணைப்பு, எர்த், ஜெனரேட்டர், உபரி மாட்யூல், ஆண்டுப் பராமரிப்பு, வட்டி எல்லாம் சேர்த்து ஆலய வாசலில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை ஆராதனையில் வாய்விட்டு வாசியுங்கள்.

வடக்குப் பக்க மண்ணை வெட்டவும் ஓடு மாற்றவும் இப்போதே அனுமதி கொடுங்கள். இவை இரண்டும் எந்தத் தீர்மானத்துக்கும் காத்திருக்க வேண்டியவை அல்ல, மழை வருகிறது. காரையில் யாரும் கைவைக்கும் முன் பழங்கட்டட வேலை தெரிந்த ஒரு பொறியாளரை அழைத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். பொதுக்குழு வரை நான்கு காலம் ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து, ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சம்மதியுங்கள். பொருத்தும் வேலையை நாங்களே கூலியில்லாமல் செய்து தருகிறோம்.

அதற்குப் பிறகும் சபை திரை வேண்டும் என்றால் வையுங்கள், ஆனால் எல்லை எழுதி வையுங்கள். உபாகமம் 17 ராஜாவை அனுமதிக்கும்போதே குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக்கூடாது என்று கட்டுப்போட்டது. நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி நாள்தோறும் வாசிக்கச் சொன்னது. நமக்கான கட்டு: கடன் கூடாது, கையில் பணம் சேர்ந்த பிறகே வாங்குவது, கிழக்கு ஜன்னலை மறைக்கக்கூடாது, சம்பளத்திலும் கல்வி உதவியிலும் கைவைக்கக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு வாசிக்க வேண்டும்.

பொதுக்குழுவுக்கு முந்திய ஞாயிறு பழைய ஏற்பாட்டு வாசிப்பாக 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்தை 22 வசனமும் விடாமல் கொடுங்கள். சுற்றறிக்கையில் வந்த அரை வசனத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள். இந்த மடலுக்கு இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

சபை அங்கத்தினர் சிலர்,
ஏற்காடு